மூணு தரம் அழைக்கணும்

சித்தூர்க் கடையின் எண்ணெய் டின்களில் பட்ட மத்தியான வெயில் கணினித் திரையில் அடிக்கிறது. கோமதி கையால் மறைத்துப் படிக்கிறாள்: கடை பெயரில் குப்பை மெயில் போவதாகப் புகார், விடியற்காலை முதலே அவள் அனுப்பும் எதுவும் யாருடைய இன்பாக்ஸையும் எட்டவில்லை. சந்தையில் கூவினால் தொண்டைதான் போகும். இங்கே மெயில் முகவரியே போய்விட்டது. அந்த மெயில்களை அனுப்பியவர் எதிரில் இளநீர் உறிஞ்சுகிறார்: கமிஷனுக்கு இணையத்தில் வாடிக்கையாளர் பிடித்துத் தரும் பூபதிராஜா மாமா. “ஏனுங் மாமா, ஆயிரம் பேருக்கு மூணு மூணு தடவையா அனுப்புனீங்க?” “மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்ச லிஸ்ட்டு அம்மணி. ஒருக்காக் கூப்புட்டா யாரு மதிச்சு வருவாங்க?” “வேண்டாம்னு எழுதுனவங்களுக்குமா?” “அவிங்களுக்கு நாலு. கோவிச்சுக்கிட்டவங்கள உட்டுற முடியுமா?” மின்விசிறிக் காற்றில் ஒட்டாத லேபிள்கள் படபடக்கின்றன. நேற்று வரை மணிக்கொரு தரம் ஆர்டர் வந்த திரையில் இன்று ஒன்றுமில்லை. “காலையிலயே உங்கள கமிஷன் வேலையில இருந்து நீக்கி மெயில் போட்டுட்டேனுங்க.” அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, போனை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறார். முகத்தில் பொய் இல்லை. “ஒண்ணும் வரலியே அம்மணி.” காலி இளநீர் ஒருமுறை கறகறக்கிறது. “ஒருக்கா அனுப்புனா எப்படி வரும்? இன்னும் ரெண்டு தடவ போடு.”