அதட்டுற மிஸி

"உங்களைத்தான். மார்பு கிளினிக்குக்குப் போகச் சொல்லி போன மாசமே துண்டு தந்தனான். போனனீங்களோ?"

நீரிழிவுக்காரர் வரும் சீனி வருத்தக் கிளினிக்கில் அன்று அறுபது பேருக்குக் குறையாது. ஆம்பிளைகளும் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் தாதி றொசாந்தி மிஸி இப்படிக் கேட்டதும் றீற்றம்மாவுக்கு உடம்பு கூசிப்போனது.

"மீன் சந்தையிலை வேலை, மிஸி. நேரம் கிடைக்கேல்லை."

"வயது ஐம்பத்தாறு. மாதவிடாய் நிண்டு ஆறு வருசம். இடுப்பு நூறு சென்ரிமீற்றர். உங்கடை உடம்பிலை இன்சுலின் இல்லாமலில்லை. இருக்கிறது ஒழுங்கா வேலை செய்யாததாலை உடம்பு இன்னும் இன்னும் சுரக்குது. மார்பிலை புற்றுநோய்க் கலம் ஏதும் இருந்தா, அந்தக் கூடின இன்சுலின் அதையும் வளத்துவிடக்கூடும். எல்லாருக்கும் வாறேல்லை. எண்டாலும் பாக்காமல் விடேலாது."

'தானும் என்னைப்போலை மொத்தம்தான். தன்ரை இடுப்பை ஆர் அளக்கிறது?' றீற்றம்மா மனதுக்குள் திட்டினாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது ஏதோ கையில் தட்டுப்பட்டதுபோல இருந்தது. திரும்பத் தொட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. போதாக்குறைக்கு மிஸி மூன்றுதரம் போன் எடுத்து, வியாழக்கிழமை கட்டாயம் போகச் சொல்லிவிட்டார்.

புருசன் கனிசியஸிடம் சொன்னாள்.

"நீ போகாட்டில் வருத்தம் வராமல் விடுமோ?" என்றார் அவர்.

வியாழக்கிழமை செபமாலையை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு மார்பு கிளினிக்குக்குப் போனாள். பெண் டொக்டர் தடவிப் பார்த்தார். ஸ்கான் எடுத்தார். றீற்றம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"கட்டி ஒண்டும் இல்லை, அம்மா. சீனியையும் நிறையையும் குறையுங்கோ. வருசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ."

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காத்திருப்பவர்களின் கடைசி வாங்கில் றொசாந்தி மிஸி உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடுப்பு இல்லை, சாதாரணச் சேலை. 'விசாரிக்க இஞ்சையும் வந்திட்டாவோ?'

"என்னவாம், அக்கா?"

குரலில் அந்த அதட்டல் இல்லை.

"ஒண்டுமில்லையாம்."

"நல்லது." மிஸி கையிலிருந்த நம்பர் துண்டை மடித்தார், விரித்தார், பிறகும் மடித்தார்.

"நீங்கள் டியூட்டிக்கோ?"

"இல்லை. எனக்கும் சீனி. இடப்பக்கத்திலை ஒரு கட்டி. நாலு மாசமாச்சு."

"நாலு மாசமோ? எங்களையெல்லாம் அந்தப் பேச்சுப் பேசிப்போட்டு?"

றீற்றம்மா மெல்ல அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

"நீங்கள் வந்தா நானும் வாறதெண்டு நினைச்சுத்தான், அக்கா, உங்களை அப்பிடித் துரத்தினனான். எனக்குத் தனிய வரப் பயமாக் கிடந்தது."