லைனிலேயே இருங்கள்

பாப்பா தூங்கிவிட்டாள்.

அவன் நம்பவில்லை. தூளியின் விளிம்பை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தான். நிஜமாகவே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

இந்தக் குழந்தைக்கு அவன் தாலாட்டுப் பாடியிருக்கிறான். அழுதாள். தோளில் போட்டு வீடு முழுக்க நடந்திருக்கிறான். அழுதாள். மிக்ஸி சத்தத்துக்குத் தூங்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்ல, வெறும் மிக்ஸியைக்கூட ஓடவிட்டுப் பார்த்தான். அன்றைக்கு மேல்வீட்டுக் குழந்தையும் சேர்ந்து அழுதது.

கடைசியில் தூங்கவைத்தது யார் என்றால், பிராட்பேண்ட் கம்பெனி.

போன் ஸ்பீக்கரில் அவர்களுடைய ஹோல்டு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கீபோர்டில் ஒற்றை விரலால் வாசித்தது. மேலே போகும், கீழே வரும், திரும்ப மேலே போகும். நடுநடுவே ஒரு பெண் குரல், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து லைனிலேயே இருங்கள்' என்று சொல்லும். அப்போதும் பின்னால் மெட்டு நிற்காது.

ஒரு வாரமாக இதைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளான் இன்று மாலையோடு முடிகிறது. புதிதாகச் சேருகிறவனுக்குச் சலுகையாம். வருஷக்கணக்காக ஒழுங்காகக் கட்டியவனுக்குக் கட்டணம் ஏறுமாம். இது எந்த ஊர் நியாயம்? ஆப்பில் கேட்டான். கஸ்டமர் கேரிடம் பேசச் சொன்னது. கஸ்டமர் கேரில் ஆப்பைப் பார்க்கச் சொன்னார்கள். பழைய கட்டணம் தந்தால் ஆச்சு, இல்லையென்றால் உங்கள் லைனே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டிருந்தான்.

முறுக்கத்தான் முடியும். நாளைக் காலை சுகந்திக்குப் பேறுகால விடுப்பு முடிகிறது. வீட்டிலிருந்தே வேலை. முதல் நாளே நெட் இல்லை என்று மனைவியின் முன்னால் போய் நிற்கிற தைரியம் அவனுக்குக் கிடையாது.

சுகந்தி உள்ளறையில் படுத்திருந்தாள். பாப்பா பிறந்ததிலிருந்து சேர்ந்தாற்போல் அவள் தூங்கியதே இல்லை. 'சும்மா கண்ண மூடிக்கிறேன்' என்று போனவள், அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாள். குறட்டை ஹால் வரைக்கும் வந்தது.

அதைக் கேட்க அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மெட்டு நின்றது.

"வணக்கம் சார், ரெஜினா பேசுறேன். சொல்லுங்க சார்."

தூளிக்குள் ஒரு கால் உதைத்தது.

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த சண்டை முழுவதும் அவன் நாக்கு நுனியில் இருந்தது. எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும், எல்லாம் தயார்.

பாப்பா சிணுங்கினாள். உள்ளே குறட்டை நின்றது.

அவன் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனான்.

"மேடம், என்னைத் திரும்ப ஹோல்டுல போட்டுருங்களேன்."

"சார்?"

"உங்க பாட்டுக்குத்தான் குழந்தை தூங்குது. இன்னைக்கோட பிளான் முடியுது, பழைய ரேட்டே குடுங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். அது கெடக்கட்டும். மொதல்ல பாட்டப் போடுங்க."

பாப்பா வீறிட்டாள். மறுமுனைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு மெட்டு தொடங்கியது.

மேலே போனது. கீழே வந்தது. வீறல் சிணுங்கலாயிற்று. சிணுங்கல் மூச்சாயிற்று. உள்ளறையில் குறட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவன் தூளிக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்தான். மாலையோடு நெட் போகும். காலையில் சுகந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். தூங்கி எழுந்தவள் திட்டினால் அதில் ஒரு தெம்பாவது இருக்கும்.

நெஞ்சின் மேல் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஒரு மெசேஜ்.

'உங்கள் இணைப்பு பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்கப்பட்டது. நன்றி.'

திரும்பப் படித்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டான்.

வந்த வேலை முடிந்தது. அந்தப் பெண் இனி லைனைத் துண்டித்துவிடுவாள். அவளுக்கு இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூளியைப் பார்த்தான்.

மேலே போனது. கீழே வந்தது. திரும்ப மேலே போனது.

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து லைனிலேயே இருங்கள்.'

அவன் இருந்தான்.