தலைக்கு ஒரு மூட்டை

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளையிலிருந்து எனக்குக் காப்பி இறங்காமல் போகட்டும். கொரோனாக் காலத்தில் அரசாங்கம் எல்லோருக்கும் நிவாரணம் கொடுத்ததல்லவா, அதற்கு வாங்கிய கடனை வைக்கக் கஜானாவில் இடமில்லாமல் போய்விட்டது. ஒருநாள் காலையில் எங்கள் தெருவுக்குள் லாரி வந்து நின்றது. தலைக்கு ஒரு மூட்டை என்று வீட்டுக்கு வீடு கடனை இறக்கினார்கள். வட்டியில் அது தினமும் பருத்தது. எதிர்வீட்டுக் கோகிலவாணிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். கட்டிலை மூட்டை பிடித்துக்கொண்டதால் அவள் தரையில் படுத்தாள்.

"பொறக்கப்போற பிள்ளைக்கும் ஒண்ணு உண்டும்மா," என்றார் முகக்கவசம் போட்ட அதிகாரி.

"அது இன்னும் மூச்சே விடலியே சார், அதுக்குள்ள கடனா?"

"தலை இருக்குல்ல?" என்று சொல்லி, தொட்டில் கட்ட வைத்திருந்த இடத்தில் அதையும் இறக்கிவிட்டுப் போனார்.

கோகிலவாணி வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு அவரையும் அவர் ஆபீசையும் அழைத்தாள். பிள்ளையின் மூட்டையைப் பிட்டுப் பிட்டு, தாம்பூலப் பைகளில் தேங்காய்க்கு அடியில் போட்டாள்.

"என்னம்மா இவ்ளோ கனக்குது?" என்றார் அதிகாரி.

"வளைகாப்புத் தாம்பூலத்தை வேணாம்னு சொல்லக் கூடாதுங்க சார். பிள்ளைக்கு ஆகாது."

அவர் என்ன செய்வார்? இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை பூப்போலப் பிறந்தது. லாரி அப்புறம் எங்கள் தெருவுக்குள் வரவேயில்லை.

எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.