மரகதம் பேசுகிறேன்

உளுந்தூர்பேட்டையைத் தாண்டிய நெடுஞ்சாலையில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், மரகதம் படுத்துவிட்டது. மரகதம் என்பது பாக்கியநாதனின் நூறு வயதுப் பச்சைக் கார். அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியைச் சாலை இயந்திரம் வந்து பெருங்காயக் கட்டி அளவுக்கு நசுக்கிவிடும். உதவி நிலையமோ வண்டிகளே கூப்பிட்டால்தான் போனை எடுக்கும். மனிதர்கள் பொய் சொல்கிறார்களாம். இந்தக் காலத்து வண்டிகள் பேசும்; மரகதத்துக்கு வாய் கிடையாது.

பாக்கியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, போனில் தானே காராகிப் பேசினார்.

"நான் மரகதம். ரேடியேட்டர் கொதிக்குது. இழுத்துட்டுப் போக வண்டி அனுப்புங்க."

"உன் ஓட்டுநர் நலமா?" என்றது நிலையம்.

"அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு."

குத்துக்கல்லின் சட்டையைப் பிழிந்தால் ஒரு ஏக்கர் நெல் விளையும் போல வேர்த்திருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி செல்வமேரி போனைப் பிடுங்கினாள்.

"மரகதம்தான் பேசறேன். அவருக்கு மூணு நாளா நெஞ்சு வலி. ஷெட்டுல என்னைத் துடைக்கறப்ப எங்கிட்ட மட்டும் சொல்லுவாரு. பொண்டாட்டிகிட்ட மூச்சு விடல. அவ கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டா."

"ஒரு வண்டிதான் உடனே வரும். அவருக்கு ஆம்புலன்ஸா, உன்னை இழுக்கும் வண்டியா?"

செல்வமேரி காரை ஒருமுறை பார்த்தாள்.

"அவரைத் தூக்குங்க. நான் கெடக்கறேன்."

ஒரு பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மறுபக்கம் சாலை இயந்திரத்தின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. பாக்கியநாதன் சுடுகிற பானெட்டில் கையை வைத்தார்.

"உன்னை நம்பிப் போய்ச் சொன்னேன் பாரு," என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.