மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு வண்டி

"முப்பத்தி நாலு வயசுல காலேஜுக்குப் போறேங்கிறீங்களே, கூடப் படிக்கிற பசங்க வாத்தியார் வந்துட்டார்னு எழுந்து நிக்கப் போறாங்க" என்றாள் மேரிராணி.

சூசை சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்திகிரி மாட்டாஸ்பத்திரியில் சூசைதான் டாக்டர். சர்க்கார் உத்தியோகம், குடியிருக்க வீடு, வேண்டிய மட்டும் பால். அத்தனையையும் உதறிவிட்டு மனுஷ டாக்டருக்குப் படிக்க மனுப் போட்டார் மனிதர். மெட்ராஸில் இடமும் கிடைத்துத் தொலைத்தது. மறுநாள் காலையில் பெங்களூர் பஸ், அங்கிருந்து ரயில்.

"ஆனா நீ சரின்னு சொன்னாத்தான் போவேன்" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்.

படிப்பு முடிகிற வரைக்கும் இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் கிருஷ்ணகிரியில் பிறந்த வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

போன வருஷம், முனிவேல் என்ற விவசாயி பிரசவ வலியில் கிடந்த மனைவி சென்னம்மாவை மாட்டுவண்டியில் போட்டு நேராக மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான். அவன் பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றபோது, கைவிட்டுத் திருப்பி இரண்டையும் காப்பாற்றியவர் சூசை. பசுவுக்குப் பார்த்தவர் பெண்டாட்டிக்குப் பார்க்க மாட்டாரா என்று அவன் நம்பிக்கை.

"மனுஷங்களுக்கு நான் பார்க்கக் கூடாதுப்பா. ஓசூருக்கு ஓட்டு" என்று அனுப்பிவிட்டார் சூசை.

ஓசூர் ஆஸ்பத்திரியில் இறக்கியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் கல்நெஞ்சக்காரர். அவர் டாக்டருக்குப் படிக்கப் போகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் மேரிராணியைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வாசலில் யாரோ செருமினார்கள். முனிவேல்தான்.

"மனுசங்களுக்கு வைத்தியம் பண்ணப் போறாராமே டாக்டரு. நெசந்தானான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தன்."

சூசை எழுந்து நின்றார். "உள்ள வா முனிவேல்."

"உள்ள வந்து என்ன ஆவுது? எம் பொண்டாட்டி வரப்போறாளா? என் பங்குக்கு நான் ஒரு கொறையும் வெக்கல. நீ ஒரு கை வெச்சிருந்தா அவ பொழைச்சிருப்பா. மாட்டத் தொட்ட கை அவளத் தொட மாட்டன்னுச்சே."

"தப்புதான். மன்னிச்சுக்கோ."

"நீ எத்தினி படிச்சாலும் எங்க ஊருல ஒருத்தன் உங்கிட்ட நாடி காட்ட மாட்டான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் போய்விட்டான். மேரிராணிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"அவன் சொன்னதுல என்ன தப்பு? சட்டம் ஆயிரம் இருக்கட்டும், அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சு ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?"

சூசை கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பார்த்தேன் மேரி."

"என்னது?"

"அவன் தண்ணி எடுக்கப் போயிருந்தான். நான் வண்டியில ஏறிப் பார்த்தேன். நாடி இல்லை, உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. வயித்துல காதை வெச்சுக் கேட்டேன், அங்கேயும் ஒண்ணுமில்லை. வர்ற வழியிலேயே போயிட்டா. போர்வையை இழுத்துவிட்டு இறங்கிட்டேன்."

மேரிராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வருஷமா ஊரே உங்களைக் காறித் துப்புது. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. உங்க மேல தப்பில்லைன்னா அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு?"

"அன்னைக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. ஆனா ஓசூர் போறதுக்கு முன்னால இவங்க கண்ணுல படற ஆஸ்பத்திரி இது ஒண்ணுதானே? காய்ச்சல்னு வர்றாங்க, தேள்கடின்னு வர்றாங்க. நாளைக்கு இன்னொருத்தி உசிரோட வருவா. அவளை நான் திருப்பி அனுப்பக் கூடாது. படிச்சுட்டு இங்கேயேதான் வருவேன்."

இத்தனை வருஷம் தான் சோறு போட்டு, சட்டை துவைத்து, சண்டை பிடித்துக் குடித்தனம் நடத்திய மனிதரை அவள் மலைத்துப்போய்ப் பார்த்தாள். மாதா கோயிலில் பீடத்தின் முன்னால் முழந்தாளிடும்போது வருகிற நடுக்கம் அவளுக்கு இப்போது வந்தது. தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு மனுஷன் இருந்திருக்கிறார், தனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது.

எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

"போயிட்டு வாங்க. பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்."

பெட்டியை மூடிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"முனிவேல் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான். கூப்பிட்டு நடந்ததைச் சொல்லப் போறேன். ஊருக்கும் தெரியட்டும்."

சூசை ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே நின்றார். ஊரே ஏசியபோது கலங்காதவர் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மேரி. அன்னைக்கு வண்டியை நிறுத்தினதும் அவன் முதல்ல சொன்னதே, 'ராகுகாலம் கழியட்டும்னு வீட்டுலயே காத்திருந்தங்க, அதான் நேரமாயிடுச்சு'ங்கறதுதான். காத்திருக்காம அப்பவே கிளம்பியிருந்தா அவ பிழைச்சிருப்பா. அது அவனுக்குத் தெரிய வேண்டாம், என்னையே திட்டிக்கிட்டு இருக்கட்டும்."