கையெழுத்துப் போடாதவள்

பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கச் சொல்லித்தான் அந்தத் தையல்காரி குடியேற்ற அலுவலகத்துக்குச் செருப்புத் தேய நடந்தாள். அது சரியானால்தான் விசா. விசா வந்தால்தான் வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர முடியும்.

“எல்லாம் ரெடிம்மா,” என்றார் கவுண்டர்காரர். “தப்பான பேருக்காரங்க ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

“ஐயோ சார், அது எழுத்துப்பிழை! அந்தப் பேர்ல ஆளே கிடையாது. யாரைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றது?”

“ஆளே இல்லையா? போன வாரம் வந்து, போட முடியாதுன்னு சண்டை போட்டுட்டுல்ல போனாங்க! உங்களை மாதிரியேதான், மூக்கு மேல கோபம். பாஸ்போர்ட்ல அவங்க பேர்தானே இருக்கு? விசாவை அவங்ககிட்டயே குடுத்துட்டோம்.”

இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தவள், படிக்கட்டிலேயே நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, இவங்களோட மாரடிச்சு...”

“உன்னோட பெரிய ரோதனையாப் போச்சுடி,” என்று அவன் எரிந்து விழுந்தான். “குளிக்கிற இடத்துக்குமா போனைத் தூக்கிட்டுப் போவே? துண்டு கதவுலதான் தொங்குது, எடுத்துக்கோ.”

போனில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குழாய் மூடப்பட்டது. தாழ்ப்பாள் திறந்தது.

“யாருங்க போன்ல?” என்று கேட்டாள் ஒருத்தி, அவளுடைய குரலிலேயே, அவளுடைய அதே அலுப்போடு.