அண்ணை பாக்கிறார்

செத்த வீட்டில் யாராவது காதில் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பார்களா? பிரவீணன் நின்றான். அதுவும் தன் தகப்பனின் செத்த வீட்டில்.

வகுப்புப் பிள்ளைகளை வெள்ளைச் சீருடையில் வரிசையாகக் கூட்டிக்கொண்டு கோப்பாயில் அந்த வீட்டு முற்றத்துக்குள் நுழைந்த ஞானாம்பிகை ரீச்சரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பெட்டியின் தலைமாட்டில் பையன் நிற்கிறான். கையில் புதுப் போன். காதுக்குள் வெள்ளையாக அந்தச் சாமான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

ரீச்சருக்கு அவனைத் தெரியாதா என்ன? பதினோராம் வகுப்பில் பாடத்தைவிடப் போன்களை நன்றாகப் படித்தவன். எந்தப் போனுக்கு எத்தனை கமரா என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். விஞ்ஞானத்தில் ஒரு கேள்வி கேட்டால் முகட்டைப் பார்ப்பான். அவனிடம் பறித்த ஸ்மார்ட் வோச் ஒன்று இன்னமும் ரீச்சரின் அலுமாரிக்குள் கிடக்கிறது.

இந்தப் போனும் போன மாதம் வந்ததுதான். "அண்ணையோடை வீடியோவிலை வடிவாக் கதைக்கலாம் அப்பா" என்று நச்சரித்து, வெங்காயம் விற்ற கையோடு தகப்பன் நமசிவாயத்தை வாங்க வைத்த கதை வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

"உவனைப் பாருங்கோவன். தேப்பன் கிடக்கிறார், உவன் படம் எடுக்கிறான்," என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

"கனடாவிலை மூத்தவன் பாக்கிறானாம்," என்றாள் மற்றவள்.

அது இப்போது ஊர் வழக்கம்தான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடென்றால் ஐயருக்குச் சொல்ல முன்னமே வீடியோவுக்கு ஆள் பார்த்துவிடுகிறார்கள். ஆனாலும் அழாமல் நின்று எடுக்க ஒரு மனம் வேண்டுமே என்று ரீச்சர் நினைத்தார்.

கிரியை முடிந்து வாய்க்கரிசியும் போட்டாயிற்று. பெட்டியை மூடுவதுதான் மிச்சம். தாய் விடவில்லை. பெட்டியின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூத்தவனெல்லோ கொள்ளி வைக்கவேணும். அவனுக்குக் குடுத்து வைக்கேல்லை. கண்ணாலை எண்டாலும் பாக்கட்டும். அவன் போதும் எண்டு சொல்லாமல் நான் இவரை எடுக்க விடமாட்டன்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா சோமசேகரம் அவசரப்பட்டார்.

"டேய் பிரவீணன், ஜெயசுதன் பாக்கிறானோ இல்லையோ?"

"ஓம் சித்தப்பா. பாக்கிறார்."

"தா, நான் ஒருக்கா என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க," என்று தாய் கை நீட்டினாள்.

"அங்கை இன்னும் விடியேல்லை அம்மா. லைற் போடாமல் இருக்கிறார். முகம் தெரியாது."

"அப்ப சத்தத்தை எண்டாலும் விடன்."

"அழுறார் அம்மா. கதைக்கேலாமல் இருக்கு அவருக்கு. நீங்கள் தேத்தண்ணி எண்டாலும் குடிச்சனீங்களோ எண்டு மட்டும் கேட்டவர்."

"போதுமாமோ? எடுக்கட்டாமோ? கேட்டுச் சொல்லனடா!" என்று தாய் கதறினாள்.

பிரவீணன் குனிந்து போனைத் தட்டினான். மறுபடி தட்டினான். பெருவிரல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பட்டது.

ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேம்! வகுப்பில் மேசைக்குக் கீழே வைத்து இப்படித்தான் குனிந்திருந்து விளையாடுவான். பெற்றவள் கதறுகிறாள், இவனுக்கு இப்பவும் விளையாட்டுக் கேட்கிறது.

விறுவிறென்று போய்க் கையை நீட்டினார். "போனைத் தா."

"வேண்டாம் ரீச்சர்..."

"தா எண்டுறன்!"

பறித்துவிட்டார். பறித்துப் பழகிய கை.

திரையில் விளையாட்டு இல்லை. ஜெயசுதனும் இல்லை. 'அண்ணை' என்ற பெயருக்குக் கீழே ரீச்சரின் முகம்தான் தெரிந்தது. அழைப்புப் போய்க்கொண்டிருந்தது. எடுப்பார் இல்லாமல் அதுவும் நின்றது.

"காலமை தொட்டு அடிக்கிறன் ரீச்சர்," என்று பிரவீணன் வாய்க்குள்ளேயே சொன்னான். "எடுக்கிறாரில்லை. அப்பா செத்துப்போனார் எண்டு வொயிஸ் மெசேஜ் போட்டனான். கேட்டிருக்கிறார். ஆனா எடுக்கிறாரில்லை. ஆஸ்பத்திரியிலை அப்பா கேக்கேக்கையும் அண்ணை கதைச்சவர் எண்டுதான் சொன்னனான். அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

தாய் நிமிர்ந்து பார்த்தாள். "ரீச்சர், மூத்தவன் லைனிலை நிக்கிறானே? என்ன சொல்லுறான்?"

முற்றத்தில் இருந்த அவ்வளவு பேரும் ரீச்சரைப் பார்த்தார்கள். சோமசேகரம் பெட்டி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

ரீச்சர் பிரவீணனின் காதில் இருந்த ஒன்றைக் கழற்றித் தன் காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பிள்ளை விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்பது இதைத்தானா?

"ஓம் அம்மா, நிக்கிறார்," என்றார். "அழுறார். உங்களை மனசைத் தேத்தட்டாம். அப்பாவைக் கொண்டுபோகட்டாம்."

தாயின் கை பெட்டியை விட்டது.

ரீச்சர் போனைத் திரும்ப அவனுடைய கையிலேயே வைத்தார். அந்த விரல்களை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார்.

"இந்தா, வடிவாப் பிடி," என்றார், தாய்க்கும் கேட்கிற மாதிரி. "அண்ணைக்கு அப்பான்ரை முகம் தெரியவேணும்."